கண்மாய்க்குள் அத்தை வீடு

மதுரையில் எங்கள் பக்கத்துக் கண்மாய் என் கண்ணெதிரேதான் தெருத் தெருவாக வீடானது. எழுபதுகளின் கடைசி, நான் ஏழாம் வகுப்பு. ஓவிய டீச்சர் பள்ளிச் சுற்றுச்சுவரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 'அப்போது', மறு பாதியில் 'இப்போது' என்று எழுதி, தெருக்கள் மாறிய கதையை எங்களை வரையச் சொன்னார். சுண்ணாம்பும் நீலமும் காவியும் தெருக்காரர்களே கொடுத்தார்கள்.

எனக்குக் கிடைத்தது அத்தையின் தெரு. அப்பாவின் கூடப் பிறந்தவள். மாமா மில்லில் சம்பாதித்ததையெல்லாம் கொட்டி, கண்மாய்க்குள் மண்ணடித்து ஓட்டு வீடு கட்டியிருந்தாள். அந்தத் தெருவே அப்படி வந்ததுதான். பதினைந்து வருடமாகக் குடியிருந்தால் பட்டா கிடைக்கும் என்று பேச்சு கிளம்பியதும், அத்தனை பேரும் பதினைந்து வருடமாக இருக்கிறோம் என்று மனுவில் கைநாட்டு வைத்தார்கள். உண்மையில் அத்தை வீடு எழும்பும்போது நான் ஒன்றாம் வகுப்பு. மனு விஷயம் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எனக்குப் படம்தான் பெரிசு.

'அப்போது' பக்கம் கரை முட்டத் தண்ணீர் விட்டேன், எருமைகளை இறக்கினேன். 'இப்போது' பக்கம் அதே இடத்தில் அத்தை வீடு, பச்சைக் கதவு, வாசலில் அத்தை.

"ஏ புள்ள, நான் இம்புட்டுக் குண்டாவா இருக்கேன்?" என்று வந்து பார்த்துச் சிரித்தாள். தன் படத்தைப் பார்க்கிறவளுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் எங்கே தெரியும்!

ஆண்டு விழாவுக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். நான் குச்சியும் கையுமாக வாத்தியார் கணக்காக விளக்கினேன்.

"இந்த வீடு எப்பம்மா வந்துச்சு?"

"நான் ஒண்ணாப்புப் படிக்கையில சார். அதுக்கு முந்தி எருமைதான் குளிக்கும்."

"தெரு முழுக்கவா?"

"ஆமா சார், எல்லாம் அதுக்குப் பெறகுதான்."

அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும். அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து எனக்குப் பரிசாகக் கொடுத்தார்.

பட்டா வரவில்லை, நோட்டீஸ் வந்தது. பின்னாலேயே கடப்பாரைகள் வந்தன. கூரை ஓடுகளை முழுசாக இறக்கக்கூட விடவில்லை, படுபாவிகள். மாமா சமயநல்லூரில் வாடகைக்கு ஓர் அறை பிடித்தார். வண்டியில் சாமான் ஏறும்போது, கோபம் வந்தால் கை நீட்டுகிற என் அப்பா, "எவன்டா காட்டிக் குடுத்தது? கையில கெடைச்சான், தொலைச்சுப்புடுவேன்" என்று நடுத்தெருவில் கத்திக்கொண்டிருந்தார்.

அத்தை அழுவது எனக்குத் தாங்கவில்லை. பேனாவை எடுத்துக் காட்டினேன்.

"அழாத அத்தே. அந்தப் பெரிய சாருக்கு என்னையத் தெரியும். ஒன் வீடு எப்பக் கட்டுனதுன்னு கேட்டாரு, சொன்னேன், இதக் குடுத்தாரு. நான் போய்ச் சொன்னா வீட்டத் திருப்பித் தந்துருவாரு."

அழுகை நின்றுவிட்டது. அத்தை என்னையே பார்த்தாள். பிறகு பேனாவை என் கைக்குள் வைத்து மூடினாள்.

"இத ஒங்கப்பாகிட்டச் சொல்லிராத தாயி. யார்கிட்டயும் சொல்லிராத."

வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அப்பா பேனாவைப் பிடுங்கிக்கொள்வாரே என்றுதான் அத்தை பயப்படுகிறாள் என்று நினைத்து, அதைப் பாவாடை இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டேன்.