அப்பா தொடக்கூடாத வீட்டுப்பாடம்

குஷாய்குடாவில் எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் வீட்டுப்பாடம் செய்வது அப்பாக்கள்தான். எல்லாரும் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர்கள். பிள்ளையிடம் அட்டையில் ஒரு வீடு கேட்டால், அதற்குக் காலிங் பெல்லும் வைத்து அனுப்புவார்கள். என் கணவர் இதில் முதல் வரிசை.

நான்காம் வகுப்பில் மகளை டார்ச் செய்துவரச் சொன்னார்கள். இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு, கொஞ்சம் வயர், அட்டைக் குழாய் போதும். இவரோ வயரை ஈயத்தால் பற்றவைத்து, சுவிட்ச் பொருத்தி, கடையில் விற்கிற மாதிரி செய்துவிட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்தாள்.

மறுநாள் டீச்சர், இது எப்படி எரிகிறது என்று கேட்டிருக்கிறார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள், "நாளைலேர்ந்து ஸ்கூல் நக்கோ, வேணாம்" என்று கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். ஏற்கெனவே வகுப்பில் பேசத் தயங்குகிற பெண். இனி வாயே திறக்க மாட்டாளோ என்று எனக்கு உள்ளூர பயம்.

சாயங்காலம் டீச்சரே போன் செய்தார். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் நிதானமாகத் தெலுங்கில் சொன்னார்: அதைப் பிரித்துப் போடுங்கள், அவளே மறுபடி சேர்க்கட்டும், எரியாவிட்டாலும் கொண்டுவரட்டும். "சாருக்கும் ஒரு ஹோம்வொர்க் உண்டு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்." அந்த அம்மாளை எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

மகள் வயரை முறுக்கினாள், டேப் ஒட்டினாள். விளக்கு எரியவில்லை. இவர் பாதி எழுந்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இல்லடி, அந்த விளக்க அப்படியே..."

"வாயையும் சேர்த்துக் கட்டுங்க."

அவள் வேறு பேட்டரி போட்டாள். வயரை அழுத்திப் பார்த்தாள். கோபத்தில் கொஞ்சம் அழுதாள். பிறகு, என்ன தோன்றியதோ, விளக்கைக் கழற்றித் திருப்பி வைத்தாள். பளிச்சென்று எரிந்தது. அவள் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. மறுபடி திருப்பி அணைத்தாள், மறுபடி எரியவைத்தாள். அப்பா செய்துகொடுத்த எந்த வீட்டுப்பாடத்திலும் அவளிடம் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அதில் அப்படியொரு பெருமை.

மறுநாள் இவர் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக, "கிளாஸ்ல எரிஞ்சுதா?" என்றார்.

"இல்ல டாடி. பேக்லயே வயர் கழண்டுபோச்சு."

இவர் முகம் விழுந்துவிட்டது. "அடடா. அப்புறம்?"

"நானே போட்டேன், எல்லார் முன்னாடியும். ஏன் எரியலன்னும் சொன்னேன். டீச்சர் இன்னொரு தடவ சொல்லுன்னாங்க, சொன்னேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க செஞ்சது கழண்டிருந்தா, உங்களுக்குத்தானே போன் பண்ணியிருக்கணும்?"