பெரிய அறையின் மணி

எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்படிச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு பலகை இருக்கிறது. அதில் பித்தளை மணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு கம்பி கிளம்பி, கூரைக்குள் ஓடி, முன்பக்க அறை ஒன்றில் போய் முடியும். அந்த அறையில் சுவரோரம் தொங்கும் கயிற்றை இழுத்தால் இங்கே மணி அடிக்கும். தெல்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா இது. கயிற்றை இழுத்தவர்கள் அவர்கள், மணிக்கு ஓடியவர்கள் நாங்கள்.

அம்மாவின் தாத்தா இந்தப் பங்களாவின் குசினிக்காரர். துரையின் மனைவி துரைசாணிக்கு இழுப்பு நோய். மூச்சுத் திணறிப் பெரிய அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். ஒருநாள் அந்த அறை மணி அடித்தபோது குசினிக்காரர் சூப் வடிகட்டிக்கொண்டிருந்தாராம். "இந்தா வாறேங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, வடிகட்டி முடித்த பிறகுதான் போனாராம். போனபோது துரைசாணியின் கை கயிற்றைப் பிடித்தபடியே இருந்தது, உயிர் இல்லை. துரை ஒரு வார்த்தை ஏசவில்லை. தோட்டத்தை விற்றுச் சீமைக்குக் கப்பல் ஏறுமுன் பங்களாவையும் அதைச் சுற்றிய கொஞ்சக் காணியையும் குசினிக்காரர் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எங்கள் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏனென்றால் குசினிக்காரர் அதை வீடாக எடுத்துக்கொள்ளவே இல்லை. பின்னால் இருந்த வேலைக்காரர் அறைகளிலேயே குடும்பம் நடத்தினார். அவருடைய பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள், நாங்களும் அங்கேதான் வளர்ந்தோம். முன்னால் பலகைத் தரையும் கணப்பும் உள்ள அறைகள் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமை தோறும் திறந்து, கூட்டித் துடைத்து, மறுபடி பூட்டுவோம். சொந்த வீட்டிலேயே வேலைக்காரர்களாக இருந்த குடும்பம் உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை.

மணி மட்டும் நிற்கவில்லை. பனி இறங்கும் பின்னேரங்களில் ஏதோ ஒரு மணி, ஒரே ஒரு தடவை அடிக்கும். யார் காதில் விழுகிறதோ அவர் கையில் உள்ளதை அப்படியே வைத்துவிட்டு, "இந்தா வாறேங்க" என்று சொல்லி உடனே போக வேண்டும். அறையைத் திறந்து, வாசலில் நின்று, ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லும் நேரம் காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். இது எங்கள் வீட்டு முறை. உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் சில நாட்களில், அப்போதுதான் யாரோ பேச்சை நிறுத்தியது மாதிரி ஓர் அமைதி இருக்கும். சின்ன வயதில் நானும் முதுகு சில்லிட அந்த வாசல்களில் நின்றிருக்கிறேன்.

கண்டியில் படிக்கும்போது கூடப் படித்த ஒருத்தியை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். குசினியில் உட்கார்ந்திருந்தோம். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, "இந்தா வாறேங்க" என்று அம்மா ஓடினார்.

"ஒங்கம்மா இன்னும் இங்க வேலை செய்றாங்களா?" என்று அவள் கேட்டாள்.

கிண்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாவி, உண்மையாகவே கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி அந்த வார்த்தை என் வாயில் வராது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அதன்பிறகு மணி அடித்தால் எலி என்பேன், காற்று என்பேன், துருப்பிடித்த கம்பி என்பேன். அம்மா வாதாடமாட்டார். கூப்பிட்டால் போகவேண்டும், அவ்வளவுதான் என்பார்.

அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மாவும், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நானும்தான். போன வருஷம் அம்மாவுக்கு இழுப்பு கூடியது. பின்னறைச் சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, அங்கே படுத்தால் ஆள் தேறாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெயில் விழுகிற அறை என்றால் பெரிய அறைதான். அம்மா மாட்டேன் என்றார். அது நம் வீடு, காணி உறுதிப் பத்திரம் நம் பெயரில் இருக்கிறது என்று தொண்டை வற்றக் கத்தினேன். கடைசியில் என் அழுகைக்காக வந்து படுத்தார், அதுவும் கட்டிலின் ஓரத்தில். முதல் வேலையாக மணிக் கயிற்றைச் சுருட்டி, எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டச் சொன்னார். தூக்கத்தில்கூடக் கை படக்கூடாதாம்.

எனக்குப் பயம் பிடித்ததே அங்கேதான். பெரிய அறைக்கும் குசினிக்கும் நடுவே நீண்ட நடைவழி. இழுப்பு வந்தால் அம்மாவுக்குக் குரல் வராது, கூப்பிட முடியாது. திகனயிலிருந்து மின்சார வேலை செய்பவர் ஒருவரை வரவழைத்தேன். கூரைக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, பெரிய அறைக் கம்பி எப்போதோ அறுந்துவிட்டது, அந்த மணி இனி அடிக்காது என்றார். கண்டியில் பற்றரி போட்ட மணி ஒன்று வாங்கி வந்து அம்மாவின் தலைமாட்டில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் பற்றரி ரேடியோவுக்குள் இருந்தது.

"மணியடிச்சு ஆளக் கூப்பிட நான் யாரு புள்ள?"

"மூச்சு நின்னா என்னம்மா செய்வீங்க?"

அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு அடுப்படியில் நான் நிம்மதியாக நின்றதே இல்லை. வெங்காயம் வெட்டுவேன், ஓடிப்போய்ப் பார்ப்பேன். தேங்காய் துருவுவேன், மறுபடி ஓடுவேன்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு பின்னேரம். பனி ஜன்னலை வந்து மூடியிருந்தது. பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே மணி அடித்தது. நிமிர்ந்தேன். கடைசி மணி, பெரிய அறை மணி, ஆடிக்கொண்டிருந்தது. அது அறுந்த மணி என்பது எனக்குத் தெரியும். முதலில் வந்தது கோபம்தான். "போதும், நிறுத்து" என்று அந்தப் பித்தளையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அது மறுபடி அடித்தது. எந்த மணியும் இரண்டாம் தடவை அடித்ததை நான் அதுவரை கேட்டதில்லை. கத்தியும் கையுமாக ஓடினேன்.

அம்மா கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். உதடு நீலம். மூச்சுக்கு அடிக்கிற பம்ப் கைதவறி அலுமாரிக்கு அடியில் உருண்டு போயிருந்தது. குப்புறப் படுத்து எடுத்து, வாயில் வைத்து அடித்தேன். த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அம்மாவின் நெஞ்சில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. கொஞ்சம் பிந்தியிருந்தால் அவ்வளவுதான் என்றார்கள்.

கம்பி அறுந்ததென்று திகனக்காரர் சொன்னது பிழையாக்கும் என்று நினைத்து, வீட்டுக்கு வந்த பிறகு, கடைசியில் கயிற்றை இழுத்தீர்களே, அது போதும் எனக்கு என்றேன். அம்மா விளங்காமல் பார்த்தார்.

"நான் எங்க இழுத்தேன்?"

சுவரைப் பார்த்தேன். கயிறு ஆணியில், சுருட்டியது சுருட்டியபடி இருந்தது. திகனக்காரரை மறுபடி கூப்பிட்டேன். கூரையிலிருந்து இறங்கியவர், கம்பி அப்படியேதான் அறுந்து கிடக்கிறது டீச்சர் என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.  அம்மாவுக்குப் பயமே இல்லை.

"துரைசாணிக்கும் இழுப்புதானே புள்ள" என்றார். "அந்த நேரம் கூப்பிட்டு யாரும் வரலன்னா எப்புடி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்."

அதன்பிறகு கொஞ்ச நாள் எந்த மணியும் அடிக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம், அம்மா தூங்கிக்கொண்டிருக்க, நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது சாப்பாட்டு அறை மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. மாவை அப்படியே விட்டேன். அத்தனை வருஷம் வராத வார்த்தை தானாக வந்தது.

"இந்தா வாறேங்க."

நடையில் இறங்கிப் போய், கதவைத் திறந்து, வாசலில் நின்றேன். மேசையும் கதிரைகளும் இருந்தன, வேறொன்றும் இல்லை. ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். பயமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்தும்போது பெரிய அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"யாரு புள்ள?"

"ஒண்ணுமில்லம்மா, நீங்க தூங்குங்க" என்றேன். "கூப்பிட்டாங்க, போனேன்."