தொப்பி மாற்றும் ரயில்காரர்

எண்ணெய்க்கறை படிந்த சாரம் கட்டிய மெலிந்த மனிதர். தாராபுரத்தில் அவரே செய்து ஓட்டிய நீராவி ரயிலுக்குச் சாரதியும் அவர், ஸ்டேசன் மாஸ்டரும் அவர். வேலைக்கேற்பத் தொப்பியை மாற்றிக்கொள்வார்.

என் மகள் ஏறிய அன்று, பனைகளுக்குள் போன ரயில் பெருஞ்சீறலோடு நின்றது. கொதிகலன் வெடித்துவிட்டதென்று பதறி ஓடினேன். பெட்டியிலிருந்து மகள் சிரித்தபடி கையசைத்தாள். எஞ்சினுக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். தண்டவாளத்தில் ஒரு கழுதை படுத்திருந்தது.

“விசிலடிச்சு எழுப்புங்கோவன்” என்றேன் அவரிடம்.

“ஏலாது. இந்தத் தண்டவாளமெல்லாம் இழுத்துத் தந்தது அதுதான். கம்பனியில அதுக்கும் பங்கிருக்கு.”

உடனே ஸ்டேசன் மாஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, தாமதத்துக்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இப்போதெல்லாம் எந்த ரயில் தாமதித்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. முன்னால் யாரோ முக்கியமானவர் படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.