ஈச்சங்காட்டுப் பங்கு

பாரிஸின் லா ஷப்பலில் யாரிடமாவது நேர்மையான ஆள் ஒருவரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் இராஜதுரையின் பெயரைத்தான் சொல்வார்கள். ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்திலுள்ள பலசரக்குக் கடையில் இருபத்தாறு வருடமாகக் களஞ்சியம் பார்க்கிறார். கணக்குக்கு மேல் ஒரு பெட்டி மரவள்ளிக்கிழங்கு வந்திறங்கினாலும் முதலாளிக்குச் சொல்லாமல் இருக்க மாட்டார். தேர்த் திருவிழா வந்தால் உண்டியல் சாவி அவரிடம்தான். இப்படி எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆட்களைக் கொஞ்சம் கவனமாகத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, கடைக்குள் நிற்க இடமில்லாத பகல் நேரத்தில், பூரணி வருவாள். கறிவேப்பிலையைப் புரட்டிப் பார்ப்பதுபோல் நின்று, ஆள் விலகியதும் ஒரு கடித உறையை அவர் கையில் வைப்பாள். உள்ளே ஐம்பது யூரோ. மேலே எழுதியிருக்கும்: ஈச்சங்காடு, உதயன் வீடு.

அந்தக் காசுக்கு ஒரு கதை உண்டு. சண்டைக் காலத்தில் ஊரில் வீட்டுக்கு வீடு படைக்கென்று ஒரு பங்கு விதித்திருந்தார்கள். பூவரசடியும் ஈச்சங்காடும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், இடையில் வண்டி ஒன்று போகிற ஒரு ஒழுங்கைதான். தனித்தனியாகக் கேட்க முடியாத அளவுக்குச் சின்ன ஊர்கள் என்பதால் இரண்டையும் சேர்த்து ஒரே தொகை. அதில் பூவரசடி இரண்டு பங்கு, ஈச்சங்காடு ஒரு பங்கு. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்கு அங்கிருந்தே கட்டலாம். கட்டுகிற வீட்டில் பிள்ளையைப் படைக்குக் கேட்க மாட்டார்கள். இது எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனால் தெரியாதவர் ஒருவரும் இல்லை. பாரிஸில் இரண்டு ஊர்க்காரரிடமும் காசை வாங்கி, பெயர்ப் பட்டியலோடு அனுப்பிக்கொண்டிருந்தவர் பூவரசடி இராஜதுரை.

பூரணி ஈச்சங்காடு. பாரிஸை ஒட்டிய சென் தெனியில் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறாள். ஊரில் அவளுக்கு இருந்தது உதயன் என்ற ஒரே தம்பி. தாய் இறந்தபிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். ஒரு மாதமும் தவறாமல் கட்டினாள். அப்படியிருந்தும் 2008 வைகாசியில் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு சேதியே இல்லை. அடுத்த வருடம் சண்டை முடிந்தது, பங்கும் முடிந்தது, எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பூரணி மட்டும் நிறுத்தவில்லை.

“அதெல்லாம் முடிஞ்சு எத்தினை வருசம், தங்கச்சி. இதை நான் ஆருக்கு அனுப்புறது?” என்று அவர் எத்தனையோ தரம் கேட்டுவிட்டார்.

“நீங்கள் வைச்சிருங்கோ அண்ணை. கட்டிற வீட்டுப் பிள்ளையை அவை திருப்பி அனுப்பத்தானே வேணும்,” என்பாள். ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “அவன் இப்பவும் வாறவன். இன்னும் பத்தொன்பதுதான். நான் கட்டிறதாலை வயசு ஏறேல்லை. தலை மட்டும் எப்பவும் ஈரம். துடைக்க விடமாட்டான்.”

பூரணிக்கு மண்டை கழன்றுவிட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள். இராஜதுரை அப்படிச் சொல்லவில்லை. சார்செல்லில் ஒன்பதாம் மாடியிலுள்ள தன் வீட்டில், உடுப்பு அலுமாரியின் அடித்தட்டில், அந்த உறைகளைப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தார். செலவழிக்கவும் பயம், எறியவும் பயம்.

இந்த வருடம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில்தான் அவர் மனசுக்குள் பூட்டி வைத்திருந்தது உடைந்தது. மகள் மிருணாளினி சென் தெனி பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். ஒரு கையில் சோறு, மறு கையில் ஏதோ பழைய பட்டியலின் நகல்.

“பப்பா, இதைக் கேளுங்கோ. நானூறு வருசத்துக்கு முன்னாலை இங்கிலாந்திலை ஊர்ப்படைக்கெண்டு வரி. சின்ன ஊர் எண்டால் பக்கத்து ஊரோடை சேர்த்து ஒரே கணக்கு. இதிலை பாருங்கோ, ரெண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு படையாள். ஒரு ஊர் அவன்ரை தலைக்கவசத்துக்குக் கட்டுது, மற்ற ஊர் மார்புக்கவசத்துக்குக் கட்டுது. செ ஃபு, நோன்? விசர்க் கணக்கெல்லே?”

இராஜதுரை பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. “ஒரு ஊரின்ரை காசை மற்ற ஊரின்ரை பேரிலை எழுதினால்?”

“மேலை ஆருக்கும் தெரியாது. எந்த ஊர் கட்டேல்லை எண்டு வருதோ, அந்த ஊர் மாட்டும். ஏன் பப்பா?”

மேலை ஆருக்கும் தெரியாது. இதே சொல்லைத்தான் 2008 சித்திரையில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த மாதம் பூவரசடியில் ஒரு வீட்டுக் காசு குறைந்தது. அந்த வீடு அவருடைய அக்கா வீடு. அக்கா மகன் கரிகாலனுக்காக மாதாமாதம் கட்ட வேண்டியவர் இராஜதுரைதான். அந்த மாதக் காசு சார்செல் வீட்டு முற்பணத்தோடு போய்விட்டது. பூரணி கொடுத்த ஐம்பதை அக்கா வீட்டுப் பெயரில் எழுதினார். அடுத்த மாதம் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த மாதப் பட்டியல் போவதற்குள் ஈச்சங்காட்டில் கட்டாத வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது.

கரிகாலன் தப்பிப் பாரிஸ் வந்து, கலியாணம் செய்து, இப்போது சார்செல்லில் அடுத்த கட்டடத்தில் இரண்டு வயதுக் குழந்தையோடு இருக்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் இராஜதுரைக்குச் சந்தோசமாக இருக்கும். அந்தச் சந்தோசத்தை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கும்.

சித்திரை முதல் ஞாயிறு பூரணி வந்தபோது அவளைக் களஞ்சியத்துக்குள் கூப்பிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தார். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப என்ரை காசு ஆருக்குக் காவல் நிண்டது?” என்று மட்டும் கேட்டாள்.

“கரிகாலனுக்கு.”

பூரணி உறையைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள். “சரி அண்ணை. இனி நான் கட்டேல்லை.”

பாரம் இறங்கியது என்று அவர் அன்றைக்கு நினைத்தார். ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினார்.

வைகாசி முதல் ஞாயிறு அவள் வரவில்லை. மூன்று மணிக்குக் கரிகாலன் தொலைபேசி எடுத்தான்.

“மாமா, இப்ப ஒரு பெடியன் வந்திட்டுப் போறான். எங்கடை வீட்டுப் பங்கு வரேல்லையாம். தேர்க் காசோ எண்டு கேட்டன், உள்ளுக்கு எட்டிப் பாத்தான். வெளியிலை நெருப்பு வெயில், அவன்ரை தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். சின்னவனை ஒருக்காப் பாத்திட்டு, பிறகு வாறன் எண்டிட்டுப் போட்டான்.”

“எந்த ஊர் எண்டவன்?”

“ஈச்சங்காடாம். எங்கடை பக்கத்து ஊரெல்லே, ஆரெண்டு தெரியுமோ?”

பூரணியே யாரையாவது அனுப்பியிருக்கலாம். கோயில் பெடியன் வியர்த்து வந்திருக்கலாம். இதையெல்லாம் அவரும் யோசித்தார். யோசித்துக்கொண்டே கடை மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு ஓடினார். அவர் ஏறிய ரயில் சார்செல்லுக்கும் போகும். ஆனால் அவர் சென் தெனியில் இறங்கினார்.

கதவைத் திறந்த பூரணி அவரைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. மேசையில் இரண்டு பேர் சாப்பிட்ட தட்டுகள் இருந்தன. கதிரையின் முதுகில் ஒரு துவாய் நனைந்து தொங்கியது. இராஜதுரை அதைப் பார்க்காமல் ஐம்பது யூரோத் தாளை மேசையில் வைத்தார்.

“பிள்ளை, இனி நான் கட்டுறன். ஒவ்வொரு மாதமும் நான் கட்டுறன்.”

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு உறையும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள். “எந்த ஊர் எண்டு எழுத?”

ஈச்சங்காடு என்றால் பதினாறு வருடத்துக்கு முன் எடுத்தது உதயன் வீட்டுக்குத் திரும்பும். பூவரசடி என்றால் கரிகாலன் வீட்டுக் கதவை இனி யாரும் தட்ட மாட்டார்கள். அவர் அவசரமாகப் பணப்பையைத் திறந்து இன்னொரு தாளை இழுத்தார்.

“ரெண்டும் எழுத ஏலாது,” என்றாள் பூரணி. “அப்பவும் நீங்கள் ஒண்டைத்தானே எழுதினனீங்கள். சொல்லுங்கோ அண்ணை.”

உள்ளறையில் யாரோ அசைந்த சத்தம் கேட்டது. அவளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“பூவரசடி,” என்றார் இராஜதுரை. பதினாறு வருடத்துக்கு முன் ஒரு இரவு முழுக்க யோசித்து எழுதிய பெயரைச் சொல்ல, இந்தமுறை அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.