கூடையில் இருந்த டிஸ்க்

"நீ ஸ்குரூவக் கழட்டு, நான் ஒயரப் பிடிச்சுக்கிறேன்" என்றார் அம்மா. 2006, ஒரு ஞாயிறு மதியம். திண்டுக்கல்லில் அவர் நடத்திய டி.டி.பி. கடையின் கணினிக்குள் இரண்டாவது ஹார்டு டிஸ்க்கை மாட்டினோம். நகல் முடிந்ததென்று திரை சொன்னது. அம்மா நம்பவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, நகலை மட்டும் வைத்துக் கணினியைத் தொடங்கச் சொன்னார். "ஓடுனாத்தான் காப்பி. இல்லாட்டி வெறும் இரும்பு."

ஓடியது. ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து எழுத்துகளைச் சரிபார்த்த பிறகே மூடியைப் பூட்டினார்.

அம்மா பெயர் அல்போன்சா, வயது ஐம்பத்து மூன்று, தட்டச்சு ஹையர் பாஸ். ஐந்து வருடம் முன்பு ஒரு புது மென்பொருளை ஏற்றியதில் தமிழெல்லாம் கட்டங்கட்டமாகி, ஒரு வீட்டுக் கல்யாணம் பத்திரிகை இல்லாமலே நடந்தது. அதிலிருந்து எந்த அப்டேட்டுக்கும் முன்னால் நகல். கடையில் நகல் ஓடும்; அசல் அன்றைக்கே சாணார்பட்டியில் சித்தி வீட்டு பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடும். அப்டேட் கெடுத்தால் அசலை வாங்கி வந்து திரும்ப ஏற்றலாம்; ஆனால் இடையில் செய்த வேலை அழிந்துவிடும்.

சித்திக்குக் கணினி தெரியாது. டிஸ்க்கை யார் கேட்டு வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்க அம்மா பழக்கியிருந்தார். அம்மாவுக்கும் விலக்கில்லை. "இடையில செஞ்ச வேலையத் தனியா எடுத்து வச்சிட்டியாக்கா?"

"பொட்டியத் தொடத் தெரியாதவ என்னைய மிரட்டுறா பாரு" என்று சிரிப்பார். பதில் சொல்லித்தான் வாங்குவார்.

அந்த வாரம் புதன் காலை கடை திறக்கும்போதே அம்மாவுக்கு நெஞ்சுவலி. நான் சென்னையிலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பிறகு, ஏழாம் நாள் திருப்பலி அட்டை அடிக்கக் கடையைத் திறந்தேன். செவ்வாய் மாலை அம்மா புது வெர்ஷன் ஏற்றியிருந்தார். அவர் பெயரை அடித்தேன். கட்டங்கள். மேசைக்கடியில் வயர் கூடைக்குள், கைக்குட்டையில் சுற்றிய அசல் டிஸ்க். சாணார்பட்டிக்குப் போகவே இல்லை. எடுத்து மாட்டி, உள்ளிருந்ததை முழுக்க அழித்து, அசலை ஏற்றினேன். என் உத்தியோகமே அதுதான். நாற்பது நிமிடம். அட்டை வந்தது.

மறுநாள் அகரத்திலிருந்து சுந்தரம்மாள் வந்தார். "காதுகுத்துப் பத்திரிகைம்மா. திங்கக்கெழம என்னையப் பக்கத்துல உக்கார வச்சு, தாய்மாமன் பேரா ஒண்ணொண்ணாக் கேட்டு அடிச்சாகளே. சண்ட வராம வரிச போட்டதே அவுகதான்."

கோப்புகளைத் தேதிவாரியாகத் தேடினேன். திங்களும் செவ்வாயும் இல்லை. அம்மா கடைசியாக அடித்த ஒரு வரிகூட இல்லை. டிஸ்க் அந்த டப்பாவில் இருந்திருந்தால் சித்தி என்னை வாசலில் நிறுத்திக் கேட்டிருப்பார்.

அந்த ஞாயிறு மாலை அம்மா கூடையோடுதான் பேருந்து நிலையத்துக்கு வந்தார். சாணார்பட்டி பஸ் கிளம்ப நின்றது. நான் ஏறிய சென்னை பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.

"நீ போம்மா. அந்த பஸ்ஸ விட்றாத."

"இருடி, செத்த நேரம். டிஸ்க்க நாளைக்கிக் கொண்டு போயிக்கிறேன்."

சாணார்பட்டி பஸ் நகர்ந்தது. அதை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கூடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை ஜன்னல் கம்பிக்குள் விட்டு என் துப்பட்டாவைச் சரிசெய்தார்.