தாலித் தட்டை யாரும் தொடவில்லை

சில ஆண்டுகளுக்கு முன்பு, பண்டார் தெங்காரா என்ற தோட்டப்புற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். துப்புத் துலங்காத கொலைகளைப் பற்றி ஒரு வார இதழில் நான் எழுதிவந்த காலம் அது. அந்தப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் அடுத்தடுத்து மூன்று பெண்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். பிடிபட்ட லாரி ஓட்டுநர் சில வருடம் உள்ளே இருந்தார். கடைசியில் போதிய சாட்சியம் இல்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. உண்மையான கொலைகாரன் அகப்படவில்லை. அதனால் ஊர் இவரையே கொலைகாரராக வைத்துக்கொண்டது. வசதிதானே!

அந்த ஓட்டுநரிடம் பேட்டி கேட்டேன்.

"பேட்டியெல்லாம் வேணாங்க. மகளுக்குக் கல்யாணம், வந்து சாப்பிடுங்க. எப்படியும் பாதி நாற்காலி காலியாத்தான் கெடக்கும்," என்றார்.

ஆனால் கூட்டம் வந்திருந்தது, வேடிக்கை பார்க்க. மாப்பிள்ளை வீட்டார் வெளியூர், குளுவாங்காரர்கள். பழைய கதையை அன்று காலையில்தான் யாரோ அவர்கள் காதில் ஊதியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முகம் இறுகி உட்கார்ந்திருந்தார்.

ஆசீர்வாதத்துக்காகத் தாலித் தட்டு வரிசையாக வந்தது. ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். இன்னொருவர் குழந்தையின் மூக்கைத் துடைத்தார். ஒரு கைகூட நீளவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தார். கடைசியாகக் கொலையுண்ட பெண்ணின் அக்கா. தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மாவிடம் திரும்பினார்.

"என் தங்கச்சியக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா இவரு இல்ல. கேஸ் நடந்தப்போ தினமும் கோர்ட்டுல உக்காந்து கேட்டவ நான். இங்க உள்ளவங்க யாரு வந்தா? சும்மா பேசுறாங்க லா."

அந்த அம்மா தட்டருகே வந்தார். பிறகு தாலியைத் தொட்டார். அதன்பின் ஒவ்வொரு கையாக நீண்டது. ஒரு பெரியவர் மட்டும் கடைசிவரை தொடவே இல்லை. மணப்பெண்ணின் அப்பா அழவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

கொலைகாரன் இன்றுவரை அகப்படவில்லை. 'போதிய சாட்சியமின்றி விடுதலை' என்ற வரியை எங்கே படித்தாலும், அந்த மனிதரை அவருடைய ஊர் விடுதலை செய்ததா என்றுதான் இப்போதெல்லாம் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.