இண்டைக்கு நீ இல்ல

கலந்தர் சேர் பயப்படாத ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் நான் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கும். இடிக்குப் பயம், கடலுக்குப் பயம், நாய்க்குப் பயம். எலக்ரோனிக்ஸ் படிப்பிக்கிற மனுசன், சுவிட்சைப் போட முன் காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கல்முனைக் கடைத்தெருவில் அவர் நடந்து போனால் அவருக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் நுழையாது. "நடுறோட்டுல நடந்தா லொறி அடிச்சிரும், ஓரத்துல நடந்தா செவுரு விழுந்துரும், எங்கதான் மனே நடக்கிற?" என்று எங்கள் வகுப்பு ஹஸன் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். வானம் வெளித்திருந்தாலும் குடை இல்லாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டார்.

எண்பத்தாறாம் ஆண்டு அது. அபூசாலி ஹாஜியாரின் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் தொழில்நுட்ப வகுப்பு நடந்தது. கட்டிடமும் அவருடையது, வகுப்பும் அவருடையது. இருந்தது ஒரேயொரு சின்னக் கொம்பியூட்டர். அதைப் பழைய டீவி ஒன்றில் பொருத்தி, புரோகிராமைக் கெசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அது கீச்சிடுகிற கீச்சில், கீழே சாரம் வாங்க வந்தவர்கள் மேலே எதையோ அறுக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்ப்பார்கள். 'பொம்பிளப் புள்ளைக்கு இந்தப் படிப்பு என்னத்துக்கு' என்று என் மாமாமார் கேட்டது வேறு கதை.

இரண்டாம் வருஷத்தின் கடைசிப் பாதி முழுவதும் ஒரே பாடம்தான், புறொஜெக்ட். மூன்று பேராகச் சேர்ந்து ஒரு பொருளை யோசித்து, செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். யார் யாரோடு என்பதைச் சேர்தான் தீர்மானிப்பார். சிநேகிதர்களை ஒன்றாக விடவேமாட்டார், ஒருவர் குறையை ஒருவர் மூடிவிடுவார்களாம். அப்படித்தான் நானும், வாயாடி ஹஸனும், சொறிக்கல்முனையிலிருந்து வருகிற நல்லரெத்தினமும் ஒரு குழுவானோம். அதற்கு முந்திய வருஷம்தான் தமிழாக்களுக்கும் முஸ்லிம்களான எங்களாக்களுக்கும் சண்டை மூண்டு இரண்டு பக்கமும் வீடுகள் எரிந்திருந்தன. அந்தப் பொடியனோடு நான் முதல் கிழமை முழுக்க நாலு வார்த்தை கதைத்திருப்பேனோ தெரியாது. அவனும் தலையை நிமிர்த்தவில்லை.

யோசனை அவனுடையது. வாய்க்காலில் தண்ணீர் முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவனுடைய அம்மா செல்லத்தங்கம் வரம்பில் படுத்துக் காத்திருப்பாராம். வாய்க்காலில் ஒரு மிதவை போடுவது, தண்ணீர் ஏறியதும் வயல் குடிலில் மணி அடிப்பது, எவ்வளவு நேரம் ஓடியது என்று கொம்பியூட்டர் கணக்குப் பார்ப்பது. மிதவையும் நேரம் காட்டும் சேர்க்கிட் பலகையும் அவன் வேலை, மணி ஹஸன் வேலை, புரோகிராம் என் வேலை.

"வயலுக்குள்ள டீவிய எங்க வெக்கிற?" என்று கேட்டேன்.

"முதல்ல மணி அடிக்கட்டும்" என்றான். அதிலிருந்துதான் எனக்கு அவனைப் பிடித்தது.

இனி, சேரின் பயம் செய்த பெரிய வேலையைச் சொல்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் வந்து நிற்பார். விரலை நீட்டுவார். "இண்டைக்கு நீ இல்ல" என்பார். விரல் யாரைக் காட்டுகிறதோ அவர் ஒரு கிளாஸ் பிளேன்டீயோடு வெளியே போய் மேல்படியில் குந்த வேண்டும். மற்ற இரண்டு பேரும் இல்லாதவரின் வேலையையும் செய்ய வேண்டும். பிறகு வெளியே இருந்தவரையும் கூப்பிட்டு, ஒவ்வொரு வயரையும் தொட்டு, "இது என்னத்துக்கு?" என்று கேட்பார். மூன்று பேரும் ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும். "ஒரு வேலைக்கு ஒரு சொல்லு. ஆளுக்கு ஒரு விதமாச் சொன்னா நாளைக்கு வாறவனுக்கு என்ன விளங்கும்?"

ஹஸனுக்குப் படியில் இருப்பது ராஜயோகம். எனக்கோ பொறுக்காது. என் புரோகிராமில் ஹஸன் கை வைக்க, நான் வெளியே தேத்தண்ணி குடிப்பதா? ஒருநாள் கேட்டே விட்டேன்.

"சேர், ஆளாளுக்கு அவங்கட வேலையச் செய்தாக் காணாதா?"

அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொழும்பில் ரேடியோக் கொம்பனி ஒன்றில் பக்கத்து மேசைத் தமிழர் ஒருவரோடு சேர்ந்து செய்த வேலையைச் சொன்னார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்த மனுசன் வரவேயில்லை. மேசையில் பாதி பொருத்திய பலகை இருந்தது. ஒருவருக்கும் அது விளங்கவில்லை. மாதக்கணக்கில் கிடந்து கடைசியில் குப்பைக்குப் போனது.

"ஆளும் இல்ல. ஆள்ட வேலையும் இல்ல. அவரு எங்க எண்டு கேக்கவும் எனக்குப் பயம் புள்ள" என்றார். அதன் பிறகு நான் வாய் திறக்காமல் படியில் போய்க் குந்தினேன்.

எல்லாம் பொருந்தி மணியும் அடித்தது. வாய்க்காலில் வைத்துப் பார்க்க நல்லரெத்தினம் தன் பலகையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். மணிக்கூடு, பற்றரி, வயர், எல்லாம் ஒரு டின்னுக்குள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு டின்னோடு படையினரின் சோதனைச் சாவடியைத் தாண்டப் போகிறான் என்று எங்களில் ஒருவருக்குமே தோன்றவில்லை. எங்களுக்கு அது புறொஜெக்ட். அவ்வளவுதான்.

மறுநாள் காலை செல்லத்தங்கம் மாடிப்படி ஏறி வந்தார். சண்டைக்குப் பிறகு எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதானாம். தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டிருந்தார். வாசலிலேயே இருந்துவிட்டார்.

"மாஸ்டர், என்ட புள்ளயப் புடிச்சிற்றாங்க. குண்டு கொண்டு போனானாம். நீங்க சொல்லித் தந்த சாமானெண்டு கத்தியிருக்கான், ஆரும் கேக்கல்ல."

முகாமுக்குள் கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்தவர்களைவிட வராதவர்களைப் பற்றித்தான் அதிகம் கேள்விப்பட்டிருந்தோம்.

சத்தம் கேட்டு ஹாஜியார் மேலே ஏறி வந்தார். சேரை ஒரு மூலைக்கு அழைத்தார். ஆனாலும் அவருக்கு மெதுவாகக் கதைக்க வராது. "நமக்குத் தெரியா எண்டு சொல்லிருங்க. அவன் படிச்சான், நிண்டுட்டான், அவ்வளவுதான். ஊருக்கு நெருப்பு வெச்சிராதீங்க."

சேர் கதிரையில் இருந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்த தண்ணீரில் பாதி சட்டையில் கொட்டியது. பிறகு எழுந்து குடையை எடுத்தார். "வாங்க தங்கச்சி" என்று செல்லத்தங்கத்திடம் சொல்லிவிட்டு முன்னால் இறங்கினார். அவர் நடுவீதியில் நடந்ததை அன்றுதான் கண்டேன். சுவரோரம் நடக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தார்.

"பொடியன் இரிக்கான்" என்றார். "செய்த மத்த ஆக்களையும் கூட்டிட்டு வந்து, நாளைக்கு ஓட்டிக் காட்டச் சொல்றாங்க. நான் உங்களக் கூப்பிடல்ல. அவங்க சொன்னதச் சொல்றன்."

ஹஸன்கூட அன்றைக்குப் பகிடி விடவில்லை.

வாப்பா என்னை விடமாட்டார் என்று நினைத்தேன். விடக்கூடாது என்று ஆசையும் பட்டேன். அப்படிப் பயந்திருந்தேன். என் வாப்பா பக்கீர் முகைதீன் அரிசி யாவாரி, அதிகம் கதைக்காதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொடியன் பிழை செய்யல்ல எண்டு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

"ஓம் வாப்பா."

"அப்ப போகத்தான் வேணும். நானும் வாறன்." உம்மா அழுத அழுகை அந்த வளவு முழுக்கக் கேட்டது.

வாப்பாவின் வேனில் டீவி, கொம்பியூட்டர், மணி, வாளி எல்லாம் ஏற்றிப் போனோம். வாப்பாவையும் செல்லத்தங்கத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சேர், ஹஸன், நான் மட்டும் உள்ளே. மேசையில் எங்கள் பிஸ்கட் டின் திறந்தபடி இருந்தது. நல்லரெத்தினத்தைச் சுவரோரம் குந்த வைத்திருந்தார்கள். உதடு வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. சேர் கீழே பார்த்தபடி நின்றார்.

அதிகாரி கொஞ்சம் தமிழ் கதைத்தார். நல்லரெத்தினத்தைக் காட்டி, "அவன் தொட ஏலாது. நீங்க செய்யுங்க" என்றார்.

எத்தனையோ தடவை செய்த வேலை. அவன் இல்லாமல் அவன் பலகையை நானும் ஹஸனும் பொருத்தினோம். கெசட் கீச்சிட்டு முடிய, ஹஸன் வாளிக்குள் தண்ணீர் ஊற்றினான். மிதவை ஏறியது. மணி அடித்தது. அடித்த அந்த நொடியில் சுற்றி நின்ற துவக்கெல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. ஹஸனின் கையிலிருந்த சாடி விழுந்து உருண்டது. மணியை நிறுத்தும் பொத்தானை என் விரல் தேடித் தேடிக் காணவில்லை. கடைசியில் சேர்தான் கையை நீட்டி அழுத்தினார். காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

டீவியில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். தலையை ஆட்டினார். தப்பினோம் என்று நினைத்தேன்.

ஆனால் எங்களை ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். இது என்னத்துக்கு, அது என்னத்துக்கு என்று வயர் வயராகக் கேட்டார்கள். சேர் கேட்ட அதே கேள்விகள். நான் பயத்தில் யோசிக்கவேயில்லை, வாய் தானாகச் சொன்னது. ஹஸனும் சொன்னான். அடிபட்ட வாயால் நல்லரெத்தினமும் சொன்னான். திரும்ப எங்களை ஒன்றாக நிறுத்தியபோது அதிகாரியின் முகம் மாறியிருந்தது.

"மூணு பேரும் ஒரே சொல்லு. ஒரு சொல்லுக்கூட மாறல்ல. பொய்தான் இப்பிடிப் பாடமாக்கிட்டு வாற. ஆரு சொல்லித் தந்தது?"

எங்களை இவ்வளவு தூரம் கொண்டு வந்த அதே பழக்கம் கழுத்தைப் பிடித்தது. நாங்கள் மூவரும் நிலத்தைப் பார்த்தோம். சேரின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. திரும்பாமல் நின்றதிலேயே அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"நான்தான்" என்றார் சேர். குரல் பிளந்து வந்தது. "இவங்கட வாயில இரிக்கிறது எல்லாம் என்ட சொல்லு. சின்னப் புள்ளைகள், உட்டுருங்க. கேக்கிறத என்னட்டக் கேளுங்க."

"அப்ப நீ இரு" என்றார் அதிகாரி. "கொழும்புல விசாரிச்சுப் பார்ப்பம். அவங்க போகட்டும்."

சேர் எங்கள் பக்கம் திரும்பினார். குடையை என் கையில் தந்தார். விரலை நீட்டித் தன் நெஞ்சைத் தொட்டார்.

"இண்டைக்கு நான் இல்ல" என்றார். "அடுத்த கிழமை எல்லாக் குழுட புறொஜெக்டும் பார்க்கணும். பார்த்திருங்க."

வாசலில் மகனைக் கட்டிப்பிடித்த செல்லத்தங்கம் உடனே எங்கள் பின்னால் பார்த்தார். "மாஸ்டர் எங்க?" என்று கேட்டார்.

ஹாஜியார் வகுப்பைப் பூட்டப் பார்த்தார். நான் சண்டை பிடித்துத் திறப்பை வாங்கினேன். வாப்பா திட்டினார், ஆனால் தினமும் பள்ளிவாசல் நிருவாகத்து நம்பிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு முகாம் வாசலில் போய் நின்றார். பிறகு ஹாஜியாரும் போனார். 'கொழும்பிலிருந்து பதில் வரவில்லை' என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு நாளும் எனக்கு அந்தப் பாதி பொருத்திய பலகைதான் ஞாபகம் வந்தது.

சொன்ன நாளில் நாங்கள் புறொஜெக்ட் பார்த்தோம். சேரின் கதிரையில் நல்லரெத்தினம் குடையை வைத்தான். ஒரு குழுவை அடுத்த குழு கேள்வி கேட்டது. யாரும் பிழைவிட்டவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரவர் முறை வந்தபோது அவரவரே ஒருவரைத் தெரிவு செய்து, படிக்கு அனுப்பிவிட்டு ஓட்டிக் காட்டினோம்.

கடைசிக் குழுவில் வெளியே அனுப்பிய பிள்ளை திரும்ப ஓடி வந்து, "மேல்படியில இடமில்ல" என்றாள். போய்ப் பார்த்தேன். படியில் சேர் குந்தியிருந்தார். தாடி வளர்ந்து, மூக்குக் கண்ணாடி உடைந்து, ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மடங்கியபடியே இருந்தது.

"உள்ள வாங்க சேர்" என்றேன்.

"நடத்துங்க, நடத்துங்க. நான் இல்லதானே" என்றார். பகிடி விடுகிறார் என்று எனக்குத் தெரியும். சிரிக்க முடியவில்லை. பிளேன்டீ கொண்டு வந்து கொடுத்தேன். கிளாஸ் அவர் பல்லில் பட்டு டக்டக்கென்று அடித்தது. உள்ளே யாரோ எங்கள் மணியைத் தொட்டு அது அடித்தபோது கிளாஸை விட்டுவிட்டார். அது படிப்படியாக உருண்டு கடை வாசல்வரை போய் உடைந்தது.

அடுத்த தொகுதிப் பிள்ளைகள் வந்தபோது நான் அவருக்கு உதவியாக நின்றேன். குழு பிரித்து, பலகைகள் கொடுத்து, முதல் வகுப்பு. வழக்கம்போல முதல் குழுவுக்கு முன்னால் போய் நின்றார். ஒரு பொடியனை நோக்கி விரலை நீட்டினார்.

"இண்டைக்கு நீ…"

விரல் அப்படியே நின்றது. அந்தப் பொடியன் எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் விழித்தான். சேர் விரலை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் இரிக்கீங்கதானே?" என்று கேட்டார்.

"ஓம் சேர்" என்றார்கள் பிள்ளைகள்.

அவருக்கு அது காணவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு திரும்பவும் கேட்டார்.